மரம் நிற்கும்வரைதான் நிலம்

1

ஆடி மாதக் கடைசியில் என் தம்பி சுப்பையா போன் செய்தான். அவன் இருப்பது எப்போதும்வென்றானுக்கு மேற்கே எங்கள் ஊரில், கரிசல் காட்டில். நான் இருப்பது மேற்கு ஆப்பிரிக்காவில், கினி பிசாவு என்ற சின்ன நாட்டில். உலகப் படத்தில் விரலை வைத்தால் விரலுக்கு அடியில் மறைந்துபோகும். இங்கே விளைந்து வெளிநாட்டுக்குக் கப்பலேறுவது என்று பார்த்தால் முந்திரிக்கொட்டை ஒன்றுதான். அது பெரும்பாலும் நம் நாட்டுக்கு வருகிறது. அதில் ஒரு பங்கு தூத்துக்குடியில் இறங்குகிறது. அந்தப் பங்கில் என் மூட்டைகளும் உண்டு.

நான் அஞ்சாம் வகுப்போடு நின்றவன். தூத்துக்குடியில் முந்திரி ஆலைக் களத்தில் கொட்டை காயவைக்கும் வேலைக்குப் போனேன். கொட்டையைக் கையில் அள்ளிக் குலுக்கினால் உள்ளே பருப்பு எப்படி இருக்கிறது என்று சத்தத்திலேயே சொல்லிவிடுவேன். அந்தக் காதை நம்பித்தான் முதலாளி என்னை இந்த நாட்டுக்குச் சரக்கு பார்க்க அனுப்பினார். அவர் தொழிலை விட்டார். நான் விடவில்லை. இன்று சரக்கு அடுக்கிவைக்க எனக்குச் சொந்தமாக மூன்று கிட்டங்கி இருக்கிறது. படித்தவர்கள் என்னிடம் கணக்கு எழுதுகிறார்கள். பெருமைக்குச் சொல்கிறேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். நான் சொல்லாவிட்டால் வேறு யார் சொல்வார்கள்?

தம்பி எடுத்த எடுப்பில் சொன்னான்.

"அண்ணே, இந்த வருசம் பூராவும் மக்காச்சோளந்தான். விதைக்குச் சொல்லியாச்சு."

"பூராவுமா? ஓடைப் பக்கம் உளுந்து?"

"போடல."

"பருத்தி?"

"பருத்தி எடுக்க ஆளு எங்கண்ணே இருக்கு? பொம்பளையாளுக எல்லாம் தீப்பெட்டி ஆபீசுக்கும் மில்லுக்கும் வேன்ல போயிருதாக. மக்காச்சோளம்னா மிசின் வருது, அறுக்குது, கோழித்தீவன யாவாரி காட்டுல வந்தே எடுத்துட்டுப் போறான்."

"ஏலே, ஒத்தப் பயிர நம்பி நிக்காதல. படைப்புழு விழுந்த வருசம் மறந்துபோச்சா? நம்ம அய்யா ஒரு காட்டுல எத்தனை போடுவாரு?"

அவன் சிரித்தான். "ஒங்க நாடே ஒத்தக் கொட்டைய நம்பித்தானண்ணே நிக்குது. அங்கன சர்க்காருக்குப் புத்தி சொல்லிட்டு வாங்க. அப்புறம் எனக்குச் சொல்லலாம்."

போனை வைத்த பிறகும் அடுப்படியில் என் வீட்டுக்காரி மாரியம்மாள் சிரித்துக்கொண்டே இருந்தாள். "தம்பி கேட்டது நியாயந்தான?" என்றாள்.

2

தம்பி சொன்னது பொய் இல்லை. அதுதான் உறுத்தியது. ஊரில் உள்ளவர்களுக்கு இது எப்படி என்று விளங்கச் சொல்கிறேன்.

ஒவ்வொரு வருசமும் கோடை தொடங்கும்போது இந்த நாட்டுச் சர்க்கார் முந்திரிக்கு ஒரு விலை அறிவிக்கும். அறிவிப்பு வரும் அன்றைக்கு நம் ஊரில் கிரிக்கெட் கேட்பது மாதிரி ஆள் ஆளுக்கு ரேடியோவைக் காதில் வைத்திருப்பார்கள். பிறகு எங்களைப் போன்றவர்கள் லாரியை எடுத்துக்கொண்டு கிராமம் கிராமமாகப் போவோம். கொட்டைக்குக் காசும் கொடுப்போம், அரிசி மூட்டையும் கொடுப்போம். அரிசி கப்பலில் வருகிறது. இங்கே நெல் விளைகிற நல்ல பள்ளக்காடு எவ்வளவோ இருக்கிறது. ஆனால் வரப்பைக் கட்ட வேண்டிய ஆள் முந்திரி பொறுக்கப் போய்விடுகிறான். பள்ளிக்கூடமும் அந்த மாதங்களில் பாதி காலியாகக் கிடக்கும். பிள்ளைகள் மரத்தடியில் இருப்பார்கள்.

துறைமுகத்தைத் தாண்டும் ஒவ்வொரு டன்னுக்கும் சர்க்கார் வரி எடுக்கும். வாத்தியார் சம்பளம், நர்சு சம்பளம், போலீஸ்காரர் சம்பளம் எல்லாம் பெருமளவு அந்த மூட்டைகளில்தான் கட்டியிருக்கிறது. விலையைத் தீர்மானிப்பவர்களோ இங்கே இல்லை. கொல்லத்திலும் தூத்துக்குடியிலும் வியட்நாமிலும் இருக்கிறார்கள். தூத்துக்குடியில் ஒருவர் டீயைக் குடித்துக்கொண்டே "இன்னும் கொஞ்சம் எறங்கட்டும், பொறு" என்று எனக்குப் போனில் சொல்வார். நானும் பொறுப்பேன். நான் பொறுத்தால் கிராமத்தில் மூட்டை தேங்கும். மூட்டை தேங்கினால் வரி வராது. வரி வராவிட்டால் என் மகளுக்குச் சம்பளம் வராது.

ஆமாம், என் மகள் செல்வி இங்கே சர்க்கார் பள்ளிக்கூடத்தில் டீச்சர். கைப்பிள்ளையாக வந்தவள். போர்த்துகீசில் பாடம் எடுக்கிறாள், இந்த ஊர்ப் பேச்சான கிரியோலில் சண்டை போடுகிறாள், அம்மாவிடம் மட்டும் தமிழ். என்னிடம் மூன்றையும் கலந்து பேசுவாள். கட்டியிருப்பது இந்த ஊர்ப் பையனை, பிராய்மா என்று பெயர். முதலில் நான் ஒரு வருசம் பேசவில்லை. பிறகு அவன் மூட்டை தூக்குவதைப் பார்த்தேன், பேசிவிட்டேன். பேரன் இருக்கிறான். 'தாத்தா' என்ற ஒரு சொல்லைத் தவிர அவனுக்குத் தமிழ் கிடையாது. அதையும் அவன் என் பெயர் என்று நினைத்துக்கொண்டிருக்கிறான். கிட்டங்கிக்கு வந்து "சிஞோர் தாத்தா இருக்கிறாரா" என்று கேட்கிறான். சிஞோர் என்றால் இங்கே ஐயா.

இந்த வருசம் விலை படுத்துவிட்டது. செல்விக்குப் பல மாதங்களாகச் சம்பளம் இல்லை. எந்த ஆபீசுக்குப் போய்க் கேட்டாலும் "கப்பல் போகட்டும்" என்பார்கள். என் குடியிருப்பு அட்டையைப் புதுப்பிக்கப் போனேன். அட்டை அடிக்கிற தாள் தீர்ந்துவிட்டதாம், அதற்கும் கப்பல் போகட்டும் என்றார்கள்.

நான் பணம் கொடுத்தால் செல்வி வாங்கமாட்டாள். "நீங்க தூத்துக்குடிக்காரங்களோட சேந்து விலைய அமுக்குவீங்க, அப்புறம் எனக்கே தருவீங்களா?" என்பாள். அவளுக்கும் பிராய்மாவுக்கும் இருந்த ஒரே பிடிமானம் ஒரு முந்திரிக்காடு. பிராய்மாவின் தகப்பனார் சாகும் முன்பு மகனுக்கு என்று விட்டுப்போனது. எங்கள் டவுனிலிருந்து கொஞ்ச தூரத்தில் அவர்கள் கிராமத்தில் இருக்கிறது. சம்பளம் வராத மாதங்களை அந்தக் காடுதான் தள்ளிக்கொண்டு போனது.

3

தம்பி பேசியது மனசில் குத்திக்கொண்டே இருந்தது. எங்கள் அய்யா ஒரே காட்டில் பருத்தி போடுவார், ஊடே உளுந்தும் பாசியும் போடுவார், ஓரத்தில் சுற்றிலும் ஆமணக்கு வைப்பார், ஒரு மூலையில் சோளம் கிடக்கும். மழை முந்தினால் ஒன்று போகும், பிந்தினால் இன்னொன்று போகும். பூராவும் போனதில்லை. நாங்கள் பணக்காரர் ஆகவில்லை. ஆனால் எந்த வியாபாரியும் எங்களைப் பார்த்து "பொறு" என்று சொல்ல முடிந்ததில்லை. அதை இந்த மண்ணில் செய்து காட்டி, படம் பிடித்துத் தம்பிக்கு அனுப்ப வேண்டும் என்று முடிவு செய்தேன்.

ஆவணி பிறந்திருந்தது. இங்கே மழை இன்னும் கொஞ்ச காலம் கிடக்கும். பிராய்மாவும் செல்வியும் சம்பளம் விசாரிக்கத் தலைநகருக்குப் போய் வாரக்கணக்கில் அங்கேயே கிடந்தார்கள். அவர்கள் காட்டில் மேற்கு ஓரமாக ஒரு பட்டை நிலத்தில் மரங்கள் கிழண்டுபோய், கிளையோடு கிளை முட்டி, காய்ப்பே இல்லாமல் நின்றன. முந்திரி மரத்தைப் பற்றி எனக்கு ஒருத்தன் சொல்லித்தர வேண்டியது இல்லை. அந்தப் பட்டையை வெட்டிவிட்டு உளுந்தும் தட்டைப்பயறும் போடலாம் என்று கணக்குப் போட்டேன். மகள் வந்து பார்த்தால் பச்சைப்பசேலென்று கிடக்க வேண்டும்.

அந்தக் கிராமத்து ஆட்களைக் கோடாலியோடு கூப்பிட்டேன். "நாளைக்கு" என்றார்கள். மறுநாளும் "நாளைக்கு" என்றார்கள். சோம்பேறிகள் என்று திட்டிவிட்டு, வெளியூர் ஆட்களை லாரியில் ஏற்றிப் போய் வெட்டினேன். விதைக்கு வீட்டில் இருந்த கறுப்பு உளுந்துதான். ஊரிலிருந்து வரவழைத்தது.

"இட்லிக்கு வச்சிருந்தத எல்லாம் காட்டுல கொண்டு போட்டுட்டீயளே," என்றாள் மாரியம்மாள். "இனி மாவுக்கு முந்திரிக்கொட்டைய ஆட்டவா?"

"கொஞ்ச நாள் பொறுட்டி. ஒரு மூட்டை உளுந்து கொண்டாந்து போடுதேன்."

"ஒங்க மககிட்ட ஒரு வார்த்த கேட்டீயளா?"

"அவகிட்ட என்னத்தக் கேக்க? பாத்தா சந்தோசப்படுவா."

உளுந்து அருமையாக முளைத்தது. செம்மண்ணில் அப்படி ஒரு முளைப்பு. நான் வரிசையில் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தபோது பிராய்மாவின் சித்தப்பா லமின் வந்தார். அவர் காடு பக்கத்துக் காடு. கூட அவருடைய ஆட்களும் வந்தார்கள். மரியாதையாக நலம் விசாரித்தார். பிறகு எல்லாரும் குனிந்து, என் உளுந்துச் செடி ஒன்றைக்கூட மிதிக்காமல், ஊடே ஊடே எதையோ ஊன்ற ஆரம்பித்தார்கள். பையைப் பார்த்தேன். முந்திரிக்கொட்டை.

நம் ஊரில் பக்கத்துக் காட்டுக்காரர் வந்து விதைப்புக்கு ஒரு கை கொடுப்பது உண்டு. நாம் ஓரத்தில் ஆமணக்கு வைப்பது மாதிரி இவர்கள் முந்திரி வைக்கிறார்கள் போல என்று நினைத்தேன். நல்ல மனுசர் என்றும் நினைத்தேன். காட்டுக் குடிசையில் அடுப்பு மூட்டி எல்லாருக்கும் நானே டீ போட்டுக் கொடுத்தேன்.

4

செல்வி வந்து பார்த்தபோது சந்தோசப்படவில்லை. உளுந்தை அவள் பார்க்கவே இல்லை. வெட்டிய அடிக்கட்டைகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனாள். பிராய்மா சத்தம் போடுகிற ஆள் இல்லை. ஒரு கட்டையின் மேல் உட்கார்ந்து இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டான்.

"என்னப்பா செஞ்சு வச்சிருக்கீய?"

"மரத்தத்தான வெட்டுனேன்? நெலம் அங்கனயேதான கெடக்கு?"

"மரம் நின்னாத்தாம்ப்பா நெலம். இங்கன பட்டாவும் கெடையாது, எல்லைக்கல்லும் கெடையாது. யாரு நட்ட மரம் நிக்குதோ அவுக நெலம். வெட்டிட்டா, வேண்டாம்னு விட்டதா அர்த்தம்."

"அது எப்படி?"

"இந்தப் பட்ட தன்னோடதுன்னு லமின் சித்தப்பா ரொம்ப நாளாச் சொல்லிக்கிட்டிருக்காரு. மரம் நின்னதுனாலதான் கை வைக்கல. இப்ப அவரு கொட்டை ஊனிட்டாரு. முளைச்சு அடுத்த மழைக்கும் நின்னுச்சுன்னா அவருதுதான். நீங்க அவருக்கு டீ வேற குடுத்திருக்கீய!"

நான் இந்த நாட்டில் முந்திரி வாங்கி நரைத்தவன். இது எனக்குத் தெரியாமல் இருந்ததா என்று நீங்கள் கேட்கலாம். நான் வாங்கியது கொட்டையை, நிலத்தை அல்ல. நிலத்தைப் பற்றித் தெரிந்துகொள்ளும் தேவை எனக்கு வந்ததில்லை. ஆனால் தெரிந்த பிறகு, இத்தனை வருசமாக விளங்காத ஒன்று விளங்கியது. ஒத்தப் பயிரை விடுங்கள், வேறு போடுங்கள் என்று பெரிய பெரிய ஆட்கள் கார் போட்டு வந்து இங்கே பேசிவிட்டுப் போவார்கள். எல்லாரும் தலையாட்டுவார்கள், ஒருத்தரும் போடமாட்டார்கள். அறிவு இல்லை என்று நானும் பேசியிருக்கிறேன். உளுந்து போட்டால் மூன்று மாசத்தில் காடு வெறுங்காடு. வெறுங்காட்டுக்கு யார் சாட்சி? முந்திரி மரம் காய்த்தாலும் காய்க்காவிட்டாலும் நின்றுகொண்டு "இது இன்னாருடையது" என்று சொல்லிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு குடும்பமும் தன் நிலம் போய்விடக்கூடாது என்று மரம் வைக்கிறது. எல்லாக் குடும்பமும் வைத்த மரங்களைச் சேர்த்தால் அதுதான் நாட்டின் கஜானா. அதை எந்த மந்திரி வந்து மாற்றுவான்?

ஊர்ப் பெரியவர் வீட்டு முற்றத்தில் கூட்டம் போட்டார்கள். லமின் ஒரு பக்கம், பிராய்மா ஒரு பக்கம், நான் நடுவே ஒரு ஸ்டூலில். எனக்கு வியாபாரக் கிரியோல் நன்றாக வரும். எடை, ஈரம், விலை, வாய்தா எல்லாம் பேசுவேன். இது வேறு பேச்சு. பிராய்மா காதில் சொல்லச் சொல்லக் கேட்டேன். நம் பேச்சில் எழுதுகிறேன்.

பெரியவர் லமினைக் கேட்டார். "நீரு ஊனும்போது யாரும் தடுத்தாகளா?"

"தடுக்கல. டீ குடுத்தாக."

முற்றமே சிரித்தது. லமின் என்னைப் பார்த்துக் கும்பிடு போட்டார். "சீனிதான் கொஞ்சம் கம்மி."

நான் எழுந்து, எவ்வளவு கேட்கிறார்களோ கொடுத்துவிட்டு நிலத்தை வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன். செல்வி திரும்பி, "அப்பா, ஒக்காருங்க," என்றாள். அவள் வகுப்பில் பிள்ளைகளிடம் பேசும் குரல் அது. உட்கார்ந்துவிட்டேன். காசு கொடுத்து வாங்குகிறேன் என்று நான் சொல்லியிருந்தால், அது தங்கள் நிலம் இல்லை என்று ஒப்புக்கொண்டது மாதிரி ஆகியிருக்கும் என்று பிறகு பிராய்மா சொன்னான்.

அவள் எழுந்து நின்று பேசினாள். குரலை உயர்த்தவில்லை. "இந்த மரங்களை நட்டது யாரு? என் மாமனார். அவரு நட்டதை விடணும்னா அவரு வீட்டுக் கைதான் வெட்டணும். வெட்டுனது எங்க அப்பா. அவரு வீடு வேற. ஆட்டை அடுத்த வீட்டுக்காரன் அவுத்து விட்டா ஆடு அவனுதாயிருமா? நட்டவன் வீட்டுல யாரும் கோடாலியத் தொடல. அதனால இந்தக் காட்ட யாரும் விடல."

சுற்றி இருந்த கிழவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். லமின் மட்டும் தரையைப் பார்த்தார். கடைசியில் அவரே, "பிள்ளை சொல்றது சரிதான். அண்ணன் வீட்டுக் கை அதுல படல," என்றார். தன் வாயால் சொன்னார். ஆசைப்பட்டாலும் நியாயத்தை மறுக்கவில்லை. அந்த மனுசரை எனக்கு அப்போதும் பிடித்துத்தான் இருந்தது.

தீர்ப்பு இதுதான். லமின் ஊன்றிய கொட்டைகளை அவரே தோண்டி எடுக்க வேண்டும். வெட்டியவர், அதாவது நான், மழை முடிவதற்குள் எல்லார் முன்னாலும் என் கையால் திரும்ப முந்திரி நட வேண்டும். பிராய்மாவின் வீட்டுக்காக, அவன் விதையைக் கொண்டு. ஆள் வைக்கக் கூடாது.

5

ஒத்தப் பயிர் வேண்டாம் என்று தம்பிக்குப் புத்தி சொன்னவன், அதே மழைக்காலத்தில் ஊர் பார்க்க முந்திரி நடப் போனேன். மாரியம்மாளும் பேரனோடு வேடிக்கை பார்க்க வந்திருந்தாள். "சுப்பையாவுக்குப் படம் எடுத்து அனுப்பவா?" என்றாள்.

"எடுத்தே, போனப் புடுங்கித் தூரப் போட்ருவேன்."

மற்றபடி நான் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொள்ளவில்லை. நட்டால் ஒழுங்காக நட வேண்டும். பிராய்மாவின் மூட்டையிலிருந்து தகுதியான கொட்டையைக் குலுக்கிப் பார்த்து நானே பொறுக்கினேன். குழிக்கு இரண்டு மூன்று போட்டு, காம்புப் பக்கம் மேலே இருக்கிற மாதிரி வைத்தேன். உளுந்தைப் பிடுங்கச் சொல்லவில்லை, அதனால் பிடுங்கவில்லை. செல்வி ஒரு குச்சியைக் கொடுத்து, குழி வர வேண்டிய இடத்தைக் கீறிக்கொண்டே போகச் சொன்னாள். நான் நல்ல எட்டாக எடுத்து வைத்து நடந்தேன். இங்கே நடுகிறவர்கள் நெருக்கி நடுவார்கள். நான் அப்படி நடவில்லை.

பெரியவரும் லமினும் நிழலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். செல்வி என் பின்னாலேயே வந்தாள்.

"அப்பா, ரொம்பத் தூரந்தூரமா வைக்கீயளே."

"கிளை முட்டுனா காய்க்காது. ஒனக்கு என்ன தெரியும் முந்திரியப் பத்தி?"

"அதுக்கு இல்ல. ஊடே வெயில் விழணும்னு பாக்கீய. உளுந்துக்கு."

நான் அடுத்த எட்டை எடுத்து வைத்தேன். முந்திரிக் கன்று நிழல் கட்ட நாலைந்து வருசம் ஆகும். தள்ளித் தள்ளி வைத்தால் இன்னும் கூடுதலாக ஆகும். அதுவரை கீழே எதை வேண்டுமானாலும் போடலாம். மரமும் நின்று சாட்சி சொல்லும். இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அதற்கு ஒரு கூட்டம் போடுவார்கள்.

செல்வி நிழலில் இருந்தவர்களை ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். பிறகு என் கையிலிருந்த குச்சியை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தாள். நான் எட்டு வைத்து நின்றிருக்கக்கூடிய இடம் வந்தது. அவள் நிற்கவில்லை. அதையும் தாண்டி இன்னும் கொஞ்சம் போய், அங்கே குச்சியை ஊன்றினாள்.

"இங்கன வைங்க," என்றாள்.